விலை ஏறும், பிறை வளரும், கண்ணீர் மல்கும்

சொல் கேளுங்கள் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர் வருத்தத்தோடு எழுதியிருந்தார். நாளிதழின் ஒரே பக்கத்தில் விலை அதிகரிப்பு, நீர்வரத்து அதிகரிப்பு, காய்ச்சல் அதிகரிப்பு, கூட்டம் அதிகரிப்பு என்று வந்திருக்கிறதே, தமிழில் வேறு சொல்லே கிடையாதா என்பது அவர் கேள்வி. அதைப் படித்துவிட்டு இந்த மாதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் இதே விஷயத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். எனக்கும் இது நெடுநாள் ஆதங்கம்.

கேள்வி: மொழிபெயர்ப்புத் தேர்வில் 'சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போவது' என்பதற்கு ஒரே சொல் கேட்டார்கள். 'படிப்படியான அதிகரிப்பு' என்று எழுதினேன். ஒரே சொல் இருக்கிறதா? ஒத்த சொற்கள் எவை?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

உங்கள் விடை தப்பில்லை. ஆனால் ஒரே சொல்தான் வேண்டும் என்றால் 'வளர்ச்சி' போதும். வளர்தல் என்றாலே நேரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதுதான். குழந்தை வளர்கிறது, பிறை வளர்கிறது, தலைமுடி வளர்கிறது என்று சொல்லும்போது யாரும் 'படிப்படியாக' என்று சேர்ப்பதில்லை. அது வினைக்குள்ளேயே இருக்கிறது. முற்று, முதிர், ஊறு ஆகியவையும் அப்படித்தான். ஏறு, கூடு, மிகு, உயர், பெருகு ஆகியவை வேறு வகை. ஒரே நாளிலும் ஏறலாம், ஒரு வருஷம் எடுத்தும் ஏறலாம். அவற்றுக்குத்தான் 'மெல்ல மெல்ல', 'சிறுகச் சிறுக', 'நாளடைவில்', 'நாளுக்கு நாள்', 'வர வர', 'போகப் போக' என்று ஏதாவது ஒன்று துணைக்கு வேண்டும்.

ஒத்த சொற்களை வெறும் பட்டியலாகத் தருவதில் எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் தமிழில் எது கூடுகிறது என்பதைப் பொறுத்து வினை மாறும். விலை ஏறும். கடன் ஏறும், காய்ச்சல் ஏறும், வெயில் ஏறும், விஷம் ஏறும். மழை வலுக்கும், காற்றும் வலுக்கும். கூட்டம் சேரும், பிறகு திரளும். வண்டி வேகம் எடுக்கும். குடும்பம் தழைக்கும். புகழ் ஓங்கும். இருட்டு கவியும். மாவு பொங்கும். நட்பு முதிரும், பகை முற்றும். இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள். 'பகை தழைத்தது', 'மழை முற்றியது' என்றால் காதே ஒப்புக்கொள்ளாது.

நான் பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா விவசாயி. நட்ட நாற்று பெரிதாவதைச் சொல்ல அவரிடம் ஒரு சொல் இல்லை, ஒரு வரிசையே இருந்தது. பயிர் பச்சை பிடிக்கும், தூர் கட்டும், தொண்டைக் கதிராகும், கதிர் வெளியே வரும், பால் பிடிக்கும், முற்றும். 'பயிர் எப்படி இருக்கு?' என்று யாராவது கேட்டால் 'தூர் கட்டிடுச்சு' என்பார். அந்த ஒரு பதிலில் பயிரின் வயது, அடுத்து என்ன உரம், எப்போது தண்ணீர் என்று எல்லாமே கேட்டவருக்குப் புரிந்துவிடும். 'பயிரின் வளர்ச்சி அதிகரித்துள்ளது' என்று எழுதினால் இதில் ஒன்றுமே கிடைக்காது.

'அதிகரி' என்ற சொல்லோடு எனக்குப் பகை இல்லை. எண்ணிக்கை, சதவீதம், கணக்கு என்று வரும் இடத்தில் அது நல்ல சொல். எல்லா இடத்துக்கும் அதையே அனுப்புவதுதான் கூடாது.

பழைய சொல் ஒன்றும் கேளுங்கள். நாலடியாரில் 125ஆம் பாட்டு:

பெரியவர் கேண்மை பிறைபோல நாளும்
வரிசை வரிசையா நந்தும் – வரிசையால்
வானூர் மதியம்போல் வைகலும் தேயுமே
தானே சிறியார் தொடர்பு.

'வரிசை வரிசையா நந்தும்.' உங்கள் தேர்வுக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான விடையை நான் பார்த்ததில்லை. நந்துதல் என்றால் பெருகுதல், தழைத்தல். பெரியவர்களின் நட்பு பிறையைப்போல் நாளுக்கு நாள் ஒழுங்காக வளர்ந்துகொண்டே போகும் என்கிறது பாட்டு. அதே நந்துதலுக்குக் கெடுதல் என்ற எதிர்ப்பொருளும் அகராதியில் இருக்கிறது. அதனாலோ என்னவோ பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: என் தாலிச் சரடு இற்று அறுந்தபோது மாமியார் 'தாலி பெருகிடுச்சு, வேற கயிறு மாத்தணும்' என்றார். அறுந்ததைப் போய்ப் பெருகியது என்பானேன்?
– வாசகி, மன்னார்குடி

உங்கள் மாமியார் சொன்னது மங்கல வழக்கு. சொல்லத் தகாததை நேரே சொல்லாமல் நல்ல சொல்லால் சொல்வது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்ற மூன்றையும் தகுதி வழக்கு என்று நன்னூல் வகுக்கிறது. சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வரிசையில்தான் தாலி பெருகுவதும் வருகிறது. வளையல் உடைந்தாலும் எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்வார். அரிசிப் பானை காலியானால் 'அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கிட்டு வா' என்பார். புதிதாக வந்த மருமகள்கள் முதலில் விழிப்பார்கள்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. முடிந்துபோனதைச் சொல்ல நம் பெண்கள் தேடி எடுத்தவை எல்லாம் கூடுகிற, நிறைகிற சொற்களாகவே இருக்கின்றன. பெருகு, நிறை. குறைவைக் காட்டும் சொல்லை வாயில் எடுக்கவே கூடாது என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருந்தால் இப்படி அமையும்! மூட நம்பிக்கை என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரு வீட்டில் எதைக் கண்டு பயந்தார்கள், எதை வேண்டிக்கொண்டார்கள் என்பது இந்தச் சொற்களில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் வீட்டில் வேறு ஏதாவது இப்படிப் புழங்கினால் கட்டாயம் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வாசலைப் பெருக்குவோம். தென்மாவட்டங்களிலும் கொங்குப் பக்கமும் கூட்டுவார்கள். கணக்கு வாத்தியார் கூட்டலையும் பெருக்கலையும் சொல்லிக்கொடுக்க எடுக்கும் அதே இரண்டு வினைகள்தான் துடைப்பத்துக்கும்.

கேள்வி: கணக்கு என்றதும் கேட்கத் தோன்றுகிறது. பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசை நடத்துகிறேன். 'கூடுவதற்கும் பெருகுவதற்கும் என்ன சார் வித்தியாசம், இரண்டும் ஒன்றுதானே' என்று ஒரு பையன் கேட்டான். மொழியின் வழியாக விளக்க முடியுமா?
– கணித ஆசிரியர், விருதுநகர்

முடியும் என்றுதான் நினைக்கிறேன். கூடுதல் என்றால் வெளியிலிருந்து வந்து சேர்வது. சந்தைக்கு ஆள் கூடும், சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கூடும். பெருகுதல் என்றால் இருப்பதே தன்னிலிருந்து பலவாவது. ஆடு மாடு பெருகும், கொசு பெருகும், சந்ததி பெருகும். 5, 10, 15, 20 என்று போனால் ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து ஒரு 5 வந்து சேர்கிறது. 5, 10, 20, 40 என்று போனால் இருப்பது அத்தனையும் இன்னொரு பங்கு போடுகிறது. பேச்சில் இந்த எல்லையை நாம் அடிக்கடி மீறுவோம், பரவாயில்லை. பையனுக்கு விளங்க இது போதும்.

ஆனால் ஒரு இடத்தில் சொல்லே அவனைக் குழப்பும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'கூட்டு வட்டி' என்ற பெயரில் கூட்டு இருந்தாலும் அது வளர்வது பெருக்குத் தொடர்வரிசையில். தனிவட்டிதான் கூட்டுத் தொடர்வரிசையில் போகும். ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டில் தனிவட்டியில் 2,00,000 ரூபாய் ஆகும், கூட்டு வட்டியில் 2,59,374. ரொம்ப தூரம் இல்லை. 20 ஆண்டில் தனிவட்டியில் 3,00,000. கூட்டு வட்டியில் 6,72,750. கடன் வாங்கியவர்கள் மோசம்போவது இந்த இடத்தில்தான். ஆரம்பத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கிராமத்தில் இதற்கு 'வட்டி குட்டி போடும்' என்பார்கள். குட்டி போடுவது என்றால் பெருகுவது. கரும்பலகையில் வாய்பாட்டை எழுதுவதற்கு முன்னால் இந்தப் பேச்சுவழக்கைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: 'மேட்டூர் அணை நீர்மட்டம் கிடுகிடு உயர்வு' என்று தலைப்பு வைத்தேன். மூத்த துணை ஆசிரியர் 'கிடுகிடு'வை அடித்துவிட்டு 'படிப்படியாக' என்று மாற்றினார். அன்றைக்கு நீர்வரத்து நன்றாகவே இருந்தது. நான் எழுதியதில் என்ன பிழை?
– நாளிதழ்ப் பயிற்சியாளர், சேலம்

பிழை இருந்ததா இல்லையா என்பது அன்று மட்டம் எத்தனை அடியில் நின்றது என்பதைப் பொறுத்தது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். நாங்கள் எல்லோரும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்.

அணைச் செய்தியில் மூன்று அளவுகள் வரும், மூன்றுக்கும் மூன்று வினை. நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும். அது கூடும். நீர்மட்டம் அடியில் வரும். அது உயரும். நீர் இருப்பு டிஎம்சியில் வரும். அது பெருகும். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் விடாமல் வந்தால்தான் ஒரு டிஎம்சி சேரும். மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி.

இப்போது கவனியுங்கள். அணையின் அடிப்பகுதி குறுகலாகவும் மேலே போகப் போக நீர்ப்பரப்பு அகலமாகவும் இருக்கும். அதனால் மட்டம் தாழ்ந்து கிடக்கும் நாளில் வருகிற அதே வரத்து, ஒரே நாளில் பல அடி உயர்த்திவிடும். நூறு அடியைத் தாண்டிய பிறகு அதே வரத்து வந்தாலும் மட்டம் மெல்லத்தான் ஏறும். அணைக்கு வந்த தண்ணீர் என்னவோ இரண்டு நாளும் ஒன்றுதான். ஆகவே மட்டம் தாழ்ந்திருக்கும்போது 'கிடுகிடு' எழுதலாம், பொய்யில்லை. ஆனால் அதைப் படிக்கும் விவசாயி 'வெள்ளமாக வருகிறது' என்று எடுத்துக்கொள்வார். ஜூன் 12இல் அணை திறப்பார்களா மாட்டார்களா என்று காத்திருப்பவருக்கு டிஎம்சிதான் வேண்டும், அடி இல்லை. உங்கள் மூத்தவர் மாற்றியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். அடுத்த தடவை தலைப்பிலேயே இருப்பைக் கொடுத்துவிடுங்கள், கிடுகிடுவும் வேண்டாம், படிப்படியும் வேண்டாம்.

உங்கள் கேள்வியில் அழகான இலக்கணம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. வேகமாக ஏறுவதைச் சொல்ல நாம் எடுப்பவை கிடுகிடு, மளமள, மடமட, விறுவிறு, குபுகுபு. எல்லாம் இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் இல்லை, ஓசைதான். மெதுவாக ஏறுவதற்கு எடுப்பவை மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, சிறிது சிறிதாக, வர வர, போகப் போக. இவை அடுக்கு. ஒவ்வொன்றும் தனியே நின்றாலும் பொருள் தரும். அவசரத்துக்கு ஓசை, நிதானத்துக்குச் சொல் என்று தமிழ் தானாகவே பங்கிட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியமாக இருக்கும்.

ஆற்றில் தண்ணீர் ஏறுவதைச் சொல்ல எங்கள் ஊரில் அடிக்கணக்கும் கிடையாது, கன அடியும் கிடையாது. கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, கழுத்தளவு, அப்புறம் 'ஆள் மட்டம்'. அதற்கு மேல் போனால் 'நிலை கொள்ளாது'. குடமுருட்டியில் குளிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இதுதான் எச்சரிக்கை. பதினெட்டாம் பெருக்கன்று ஆறு இடுப்பளவாவது வந்துவிட்டதா என்று பார்க்க ஊரே படித்துறைக்குப் போகும். மாதத்துக்கு ஒரு விசேஷம் நம்மிடம் உண்டு, ஆனால் 'பெருக்கு' என்றே பெயர் வைத்தது ஆடி 18க்குத்தான்.

கேள்வி: 'சிறுகச் சிறுகப் பெருகியது' என்று எழுதினால் முரணாக இல்லையா? சிறுகுதல் என்றால் குறைதல் அல்லவா?
– வாசகர், ஈரோடு

முரண் இல்லை. சிறுகுதலுக்குக் குறைதல் என்ற பொருள் உண்டு, 'நாக்கு நீள வாழ்வு சிறுகும்' என்று நீங்களே ஒரு வாக்கியம் அமைக்கலாம். ஆனால் இங்கே 'சிறுக' என்பது சிறிய அளவில் என்று பொருள்படும் அடை. 'சிறுகக் கட்டிப் பெருக வாழ்' என்ற பழமொழியில் இருப்பது அதுதான். வீட்டைச் சின்னதாகக் கட்டு, வாழ்க்கையை நிறைவாக வாழ் என்று அர்த்தம், குறைத்துக்கொண்டே கட்டு என்று இல்லை. ஆகவே சிறுகச் சிறுகச் சேர்த்தல், சிறுகச் சிறுகப் பெருகுதல் இரண்டும் நல்ல தமிழ். தயங்காமல் எழுதுங்கள்.

கேள்வி: சென்னை அலுவலகத்தில் 'பையப் பையச் சரியாகும்' என்றால் சிரிக்கிறார்கள். 'பைய' கொச்சையா?
– வாசகர், சொந்த ஊர் திருநெல்வேலி

கொச்சையே இல்லை. திருஞானசம்பந்தர் மதுரையில் பாடிய பதிகத்தில் 'பொய்யராம் அமணர் கொளுவும் சுடர் பையவே சென்று பாண்டியற்கு ஆகவே' என்று வருகிறது. தாம் தங்கியிருந்த மடத்துக்குச் சமணர் வைத்த நெருப்பு பாண்டிய மன்னனிடம் போகட்டும், ஆனால் பையவே, அதாவது மெல்லவே, போகட்டும் என்கிறார். அந்த 'பையவே' என்ற ஒரு சொல்லில் மன்னன்மேல் இருந்த கருணையும் தெரிகிறது என்று உரை சொல்பவர்கள் உருகுவார்கள். மலையாளத்தில் இன்றும் 'பையெத் தின்னால் பனையும் தின்னாம்' என்பார்கள். அவசரப்படாமல் தின்றால் பனைமரத்தையே தின்றுவிடலாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழக்கமுள்ள சொல்லை நெல்லைச் சீமை இன்னும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கவிதை எழுதுகிறேன். 'காதல் மெல்ல மெல்லக் கூடியது' என்று எழுதினால் தட்டையாக இருக்கிறது. சங்கச் சொல் ஏதாவது கொடுங்கள்.
– வாசகர், புதுச்சேரி

சங்கச் சொல்லைத் தேடுவதற்கு முன் குறளில் 1227ஐப் படியுங்கள். 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்.' கூடியது, மிகுந்தது, வளர்ந்தது என்று ஒரு சொல்லும் அதில் கிடையாது. அரும்பு, போது, மலர் என்று பூவின் மூன்று பருவத்தைக் காலை, பகல், மாலை மூன்றோடும் கோத்துவிட்டார், முடிந்தது. போது என்றால் மலரப்போகிற மொட்டு. பொழுதுக்கும் அதே சொல்தான். படிப்படியாக என்று சொல்லாமலே படிகளைக் காட்டிவிடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதற்கு மேல் உதாரணம் இல்லை. 783இல் 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' என்பதில் வரும் 'தொறும்' என்ற சின்ன உருபையும் பாருங்கள். படிக்கப் படிக்க, பழகப் பழக என்று நாம் இரட்டித்துச் சொல்வதை அது ஒரே தடவையில் சொல்லிவிடும்.

சொல்லும் கேட்டீர்கள், தருகிறேன். 'மல்கு' எடுத்துக்கொள்ளலாம். நிறைந்து பெருகுதல். 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று சம்பந்தர் பாடியதிலிருந்து இன்றைய 'கண்ணீர் மல்க விடைபெற்றார்' வரைக்கும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கண்ணீரைத் தவிர வேறு எதற்கும் இப்போது நாம் அதைத் தருவதில்லை. ஊற்று மல்கலாம், நிலவொளி மல்கலாம், மனசில் அன்பு மல்கலாம். 'பல்கு' இருக்கிறது, பலவாதல். அதையும் 'பல்கிப் பெருகி' என்ற கூட்டுக்குள்ளேயே அடைத்துவிட்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கூர்'. 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். கூர், கழி என்ற இரண்டும் ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுவதைக் குறிக்கும் என்று பொருள். இல்லாத ஒன்று புதிதாக வருவதை அவை குறிக்கா. இப்போது அரசு அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். 'அன்புகூர்ந்து என் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு.' உங்களிடம் அன்பு முன்பே இருக்கிறது, அது இன்னும் கொஞ்சம் மிகட்டும் என்றுதான் அந்த விண்ணப்பம் கேட்கிறது. இவ்வளவு மரியாதையான சொல் முத்திரையும் பசையும் மணக்கும் தாள்களில் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. கவிஞர்கள் அதை மீட்டுக்கொண்டால் நல்லது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'அபிவிருத்தி' என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் 'வளர்ச்சி' என்கிறார்கள். எது சரி?
– வாசகி, டொரன்டோ

இரண்டும் சரி. இலங்கையில் அரச நிருவாகச் சொல்லாக அபிவிருத்தி நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் ஊரக வளர்ச்சித் துறை என்பதுபோல் வளர்ச்சியும் மேம்பாடும் வந்துவிட்டன. ஆனாலும் இங்கே சோதிடப் பலன் எழுதுகிறவர்கள் 'தொழில் அபிவிருத்தி உண்டு' என்று இன்றும் எழுதுவார்கள், வம்ச விருத்தியும் போய்விடவில்லை. உங்கள் பேச்சில் நான் பொறாமைப்படுவது வேறு ஒன்றுக்கு. 'அதிகமாக' என்று நாங்கள் சொல்லும் இடத்தில் நீங்கள் வெறும் 'கூட' என்பீர்கள். 'கூடக் கதைக்காதை', 'விலை கூடிப்போச்சு.' இரண்டே எழுத்து.

கேள்வி: திருமண வாழ்த்து மடலில் 'மேன்மேலும்' போடுவதா, 'மென்மேலும்' போடுவதா?
– அச்சக உரிமையாளர், திண்டுக்கல்

மேன்மேலும். மேல் + மேலும், லகரம் னகரமானது, முதல் எழுத்து நெடிலாகவே நிற்கும்.

கேள்வி: மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் துண்டுத்தாளைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். 'மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்ற வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். சரிபார்த்துத் தருவீர்களா?
– வாசகி, நாமக்கல்

கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். அம்மா, இரண்டு மாற்றம் செய்யுங்கள்.

முதலில் 'ஏற்று' வேண்டாம். விலையை ஏற்றலாம், ஆனால் மருத்துவமனையில் ஏற்றுவது என்றால் ரத்தம் ஏற்றுவது, குளுக்கோஸ் ஏற்றுவது. நோயாளியின் வீட்டில் ஒரு பாட்டி இதைப் படித்துவிட்டு ஊசி போடச் சொல்கிறார்கள் என்று பயந்துபோவார். அளவு என்று வந்தால் 'கூட்டு'. 'மருந்தைக் கூட்டிக் குடு' என்றால் எல்லோருக்கும் புரியும். 'அதிகப்படுத்து' என்றும் எழுதலாம், ஆனால் கூட்டு, குறை என்ற சோடி வீட்டுப் பேச்சில் இருப்பது.

அடுத்தது 'படிப்படியாக'. கட்டுரையில் நல்ல சொல், மருந்துச் சீட்டில் ஆபத்தான சொல். ஒருவருக்குப் படி என்றால் ஒரு நாள், இன்னொருவருக்கு ஒரு வாரம். கொஞ்சம் தேவலை என்று தோன்றியதும் தானாகவே ஒரு மாத்திரை கூட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தபோது மருத்துவக் குறிப்புகள் வந்தால் 'படிப்படியாக', 'சிறிது சிறிதாக', 'நாளடைவில்' மூன்றையும் சுழித்து, 'எத்தனை நாள், எவ்வளவு?' என்று ஓரத்தில் எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் படிகளையே எழுதிவிடுங்கள். டாக்டர் சொல்லும் எண்களை வாங்கி இந்த வடிவத்தில் நிரப்பிக்கொள்ளலாம்:

'___ தேதி முதல் ___ தேதி வரை: காலையில் ___ மாத்திரை.
அடுத்து ___ தேதி முதல் ___ தேதி வரை: காலையில் ___ மாத்திரை, இரவில் ___ மாத்திரை.
இந்தத் தேதிகளுக்கு முன்னால் நீங்களாகக் கூட்டவோ, நிறுத்தவோ கூடாது. தலைசுற்றல், வாந்தி வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் எங்களிடம் கேளுங்கள்.'

எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள். தேதிகளைக் கையால் நிரப்பும்போது பக்கத்தில் கிழமையையும் எழுதிக்கொடுங்கள். வயதானவர்களுக்குத் தேதியைவிடச் செவ்வாய், வெள்ளிதான் நினைவில் நிற்கும்.